நாலரை இஞ்ச் சுவர்

செங்கல் விழுகிற சத்தம் மாதேஸ்வரிக்கு அத்துப்படி. தரையில் விழுந்தால் ஒரு சத்தம், விரித்த சாக்கின் மேல் விழுந்தால் ஒரு சத்தம். அன்று காலை ஜோதியம்மாள் வீட்டுச் சமையலறையில் அவள் கேட்டது இரண்டும் இல்லை... சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்த சத்தம். கூடவே, "எம்மாடி!" என்று ஓர் ஆண் குரல்.

"நில்சு! நில்சு!" ராமப்பன் மேஸ்திரி பதற்றத்தில் கன்னடத்துக்குத் தாவினார். பிரேக்கர் மிஷின் உறுமலை அடக்கிக்கொண்டு நின்றது.

மத்திகிரி போகும் வழியில் இருக்கும் அந்த லே-அவுட்டில் வீடுகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே ஒரு பொதுச் சுவர். ஜோதியம்மாள் தன் பழைய சமையலறையைப் புதுசாக்கச் சொல்லி, மாதேஸ்வரியின் கையில் சாவியைக் கொடுத்திருந்தாள். குழாய் புதைக்கச் சுவரில் காடி வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கூத்து.

"பக்கத்து வீட்டுல ஆளே இல்லியேம்மா!" ஜோதியம்மாள் கையைப் பிசைந்தாள். "யாரோ வாங்கியிருக்காங்கன்னு கேள்வி. இன்னும் குடி வரல. பூட்டியேதான் கெடக்குது."

"பூட்டின வீட்டுக்குள்ள எம்மாடின்னு கத்துறது யாருங்கக்கா?"

மாதேஸ்வரி குனிந்தாள். சுவரில் ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை. அந்தப் பக்கம் ஒரே செம்புழுதி. புழுதி மெல்ல மெல்ல அடங்க... அதற்குள்ளிருந்து இரண்டு கண்கள் முளைத்தன.

நல்ல கண்கள். தூக்கம் கலையாத, திகைப்பில் அகன்ற, இமை முழுக்கச் செங்கல் தூள் படிந்த கண்கள். மழை ஓய்ந்த பிறகு மெதுவாகத் தலை நீட்டிப் பார்க்கும் அணில்குஞ்சின் கண்கள்... சே! வேலை நேரத்தில் இது என்ன நினைப்பு?

"யாருங்க நீங்க?" என்றன கண்கள்.

"நான் காண்ட்ராக்டர். நீங்க யாரு?"

"நான் இந்த வீட்டுக்காரன்ங்க."

"அடி ஏதாவது பட்டுச்சா?"

"தலைக்கு ஒரு சாண் தள்ளித்தான் விழுந்துச்சு. தலகாணிக்குத்தான் பலத்த காயம்."

சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். தப்புச் செய்த இடத்தில் சிரிக்கக் கூடாது. இது தொழில் தர்மம்.

தெருப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவு திறந்தது. கைலியும் பனியனுமாக, தலை முதல் கால் வரை செங்கல் தூளில் குளித்து, செம்மண் அடித்த அய்யனார் சிலை மாதிரி நின்றான் அவன். முப்பது வயது இருக்கலாம். பெயர் ஜெகதீஷ், சொந்த ஊர் சாத்தூர், சிப்காட்டில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியர் என்பதெல்லாம் அடுத்த ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. ஏனென்றால் அவன் கையைக் கட்டிக்கொண்டு விசாரணையை ஆரம்பித்துவிட்டான்.

"செவரு ஏன் ஒடஞ்சது?"

"மிஷின் பட்டுச்சு."

"மிஷின் ஏன் இம்புட்டு ஆழமா போச்சு?"

"ஒம்பது இஞ்ச் செவருன்னு நெனச்சி வச்சோம். இது வெறும் நாலரை."

"ஏன் நாலரை?"

"கட்டினவனத்தான் கேக்கணும். ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒம்பது வைக்கணும். செங்கல் மிச்சம் புடிச்சிருக்கான்."

"இது உங்களுக்கு ஏன் முன்னாடியே தெரியல?"

மாதேஸ்வரி அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"ஏன்னா, நான் தட்டிப் பாக்கல. பொதுச் செவரு, ஒம்பதுதான் இருக்கும்னு நம்பிட்டேன். தப்பு என்னுது."

அடுத்த 'ஏன்'னுக்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது. அவன் மெதுவாக அதை மூடினான்.

"என்னாச்சு சார்? ஏன் தீந்து போச்சா?"

"இல்ல... எங்க கம்பெனில அஞ்சு தடவ கேக்கணும். அஞ்சுக்கப்புறமும் யாரும் தப்பு என்னுதுன்னு சொல்ல மாட்டாங்க. நீங்க நாலாவதுலயே சொல்லிட்டீங்க. அதான்... அடுத்து என்ன கேக்குறதுன்னு தெரியல."

"அப்ப நான் கேக்கறேன். பூட்டின வீட்டுக்குள்ள பகல்ல படுத்துக்கினு நீங்க என்ன பண்றீங்க?"

அய்யனார் சிலை சட்டென்று பள்ளிக்கூடப் பிள்ளையாகிவிட்டது. தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"நைட் ஷிப்டு முடிச்சுட்டு வாரேன். ரூம்ல ஆளாளுக்கு ஒரு ஷிப்டு. ஒருத்தன் சமைப்பான், ஒருத்தன் போன்ல சண்ட போடுவான். இங்கிட்டு வந்தா அமைதியா தூங்கலாம்னு..."

"அமைதியா?"

"ஆமா. அப்படித்தான் நெனச்சேன்." ஓட்டையைத் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "வெள்ளிக்கிழமதான் பால் காய்ச்சணும். ஊர்லேருந்து அம்மா வாராக. பால் காய்ச்சாத வீட்டுல நான் படுத்துத் தூங்கினது அவுகளுக்குத் தெரிஞ்சா, இந்தச் செவரு ஒடஞ்சதுக்கே நான்தான் காரணம்னு சொல்லிருவாக."

"சொன்னா என்ன? அஞ்சாவது ஏன்னுக்கு அதுதான் பதில்னு எழுதிக்குங்க."

இந்த முறை இரண்டு பேருமே சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் சுவரை எழுப்பி, பூசி, வெள்ளையடித்துத் தருவதாக அவள் வாக்குக் கொடுத்தாள். மாதேஸ்வரி வாக்குக் கொடுத்தால் முடிந்தது. அவள் அப்பா சென்னப்பன் அடுத்தவர் கட்டிய வீடுகளுக்கு மண் சுமந்தவர். அவள் கிருஷ்ணகிரியில் சிவில் டிப்ளமோ முடித்து, ஒரு பில்டரிடம் சம்பளத்துக்கு இருந்து, பிறகு தன் பெயரிலேயே தொழிலை ஆரம்பித்தவள். ஒழுகும் கூரை, உப்புப் பூத்த சுவர், இடிந்த பாத்ரூம்... ஓசூரில் யார் வீட்டில் எது கெட்டாலும் 'மாதேஸ்வரியைக் கூப்பிடு' என்கிற அளவுக்கு வந்திருந்தாள்.

பெண் பார்க்கவும் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து முட்டிக்கொண்டார்கள். 'கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வேலைய விட்டுடுவ இல்ல?' கடைசியாகக் கேட்ட மாப்பிள்ளையின் முன்னாலிருந்து அவள் காபி டம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா கோபப்படவில்லை. "காபி ஆறிப்போயிருக்கும், விடும்மா" என்றார். அன்றைக்கு ஒரு முடிவெடுத்தாள். வேலையையும் தன்னையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கிறவன் யாராக இருந்தாலும்... வேண்டாம்.

மறுநாள் செங்கல் அடுக்கும்போதுதான் அந்த வீட்டுச் சமையல் மேடையைக் கவனித்தாள்.

"சார், மேடை இவ்ளோ உயரமா இருக்குதே! யாரு சமைக்கப் போறது?"

"அம்மாதான்."

"அம்மா என்ன உயரம்?"

ஜெகதீஷ் தன் நெஞ்சருகே கையை வைத்தான். கொஞ்சம் ஏற்றினான். கொஞ்சம் இறக்கினான். "இந்தா... சட்டைப் பைக்கு ஒரு விரக்கடை மேல."

"கட்டிப்புடிச்சிகினு வளந்த பையன்னு நல்லா தெரியுது. எனக்கு டேப்புல அளவு வேணும் சார்."

"ஒரு நிமிசம்... நீங்க இங்கிட்டு வாங்களேன்."

அவள் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டே அவன் அருகில் வந்து நின்றாள். அவள் உச்சி அவன் தோளுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. மூச்சுக்காற்று நெற்றி முடியை அசைத்தது. ஈரச் சுண்ணாம்பு வாசனைக்கு நடுவே சோப்பு வாசனை... இன்று குளித்துவிட்டு வந்திருக்கிறான்.

"அம்மா... உங்க உயரம்தான்" என்றான்.

"அப்ப சரி" என்று அவசரமாக நகர்ந்து, மேடையை இறக்கிக் கட்டுவதற்காகச் சுவரில் தன் இடுப்புக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டாள். கோடு கொஞ்சம் கோணலாக விழுந்தது. வாழ்க்கையில் முதல் தடவை!

"பாப்பா, லெவல் பாத்துப் போடும்மா" என்றார் ராமப்பன், சுவரைப் பார்த்தபடி. "இன்னிக்கி ஏனோ எல்லாமே ஒரு பக்கமா சாயுது."

அதன் பிறகு அவன் தூக்கத்தை எப்போது தூங்கினான் என்பதே தெரியவில்லை. ஷிப்டு முடிந்ததும் பிளாஸ்டிக் பையில் டீ வாங்கிக்கொண்டு நேரே வந்துவிடுவான். புதுச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்ப்பான்.

"சார், ஈரமா இருக்கறப்ப தட்டாதீங்க. அது என்னா உங்க கம்பெனி பிஸ்டனா?"

"குவாலிட்டி செக் பண்றேன் மேடம்."

"செவர செக் பண்றீங்களா, செவருகிட்ட நிக்கிற ஆளயா?" என்று ஓட்டையில்லாத அந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜோதியம்மாளின் குரல் வந்தது. நாலரை இஞ்சில் எதுவும் ரகசியமில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். ராமப்பன் மட்டும் உள்ளே கடைசிப் பூச்சைத் தேய்த்துக்கொண்டிருக்க, இருவரும் வாசற்படி மறைவில் நின்றார்கள். தெருவிளக்கின் வெளிச்சத்தில் மழை ஊசி ஊசியாக இறங்கியது. மண் குளிர்ந்த வாசனை. எங்கோ ஒரு கம்பெனி பஸ் சேற்றைத் தெளித்துக்கொண்டு திரும்பியது.

"எங்க ஊர்ல மழை வாரதுக்கு முன்னாடி ஊரே பேசும். இங்கிட்டு என்னங்க, கேக்காம கொள்ளாம வந்து நிக்குது?"

"ஓசூர் மழை அப்படித்தான். கதவத் தட்டிட்டு வராது."

"ஆமா... உங்கள மாதிரி."

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த அணில்குஞ்சுக் கண்கள் இப்போது புழுதியில்லாமல், மழையின் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு அவளையே பார்த்தன. மாதேஸ்வரி... பார்வையை எடு. எடுக்கவில்லை. ஒரு தப்புச் சுவர் இப்படி ஒருவனைக் கொண்டுவந்து எதிரே நிறுத்துமா? இவன் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்காதவனாக இருந்துவிட்டால்...

"நாளைக்கு நீங்க வரணும். பால் காய்ச்ச..." என்றான். "அம்மா உங்களப் பாக்கணும்."

"காண்ட்ராக்டர்னா வரத்தான் செய்வேன்."

"காண்ட்ராக்டரா மட்டும் இல்ல" என்றான். பார்வையை மழைக்குத் திருப்பிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பால் கிழக்கே பொங்கி வழிந்தது. "நல்ல சகுனம்!" என்று சரஸ்வதியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜெகதீஷின் அம்மா. நெற்றி நிறையத் திருநீறு. விரல் நுனிகள் மட்டும் காய்த்துப்போன கைகள். அவர் மேடையின் முன்னால் நின்று, கைகளை அதன் மேல் வைத்துப் பார்த்து, ஆச்சரியத்தில் வாயைப் பிளந்தார்.

"ஏப்பா ஜெகதீசு! எனக்குன்னு அளவெடுத்து வச்ச மாதிரில்ல இருக்கு! காண்ட்ராக்டர் எங்கப்பா? வரச் சொல்லு, மரியாத செய்யணும்."

புது வீட்டில் பால் காய்ச்சினால், வேலை செய்த மேஸ்திரிக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பது வழக்கம். வெற்றிலை, வாழைப்பழம், அதன் மேல் கரை போட்ட வேட்டியும் துண்டும் வைத்த தட்டு தயாராக இருந்தது. ஜோதியம்மாள் மாதேஸ்வரியின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"இவதாங்க காண்ட்ராக்டரு!"

சரஸ்வதியம்மாள் தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். கூடியிருந்த எல்லோரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள்.

"அடப்பாவி மகனே, இதச் சொல்லலியே நீ! பொம்பளப் பிள்ளைக்கு வேட்டிய நீட்டச் சொல்றியே..." என்றவர், சிரித்துக்கொண்டே உள்ளறைக்குப் போய் மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலையோடு வந்தார். அதைத் தட்டில், வேட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். மாதேஸ்வரியின் முகவாயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். அவன் காதுமடல் சிவந்திருந்தது. அம்மாக்களுக்கு அது போதும்.

"இது என் மருமகளுக்குன்னு எடுத்து வச்ச சேல தாயி. ஏனோ தெரியல... ஒனக்கே குடுக்கணும்னு தோணுது."

மாதேஸ்வரியின் நெஞ்சுக்குள் ஏதோ படபடவென்று சிறகடித்தது. சேலையின் மேல் கை வைத்தாள். பட்டும் பருத்தியும் கலந்த மென்மை. நிமிர்ந்து அவனைப் பார்க்கத் துணிவில்லை...

"ஆனா தாயி," சரஸ்வதியம்மாள் பரிவாகவே சொன்னார், "கல்யாணத்துக்கப்புறம் இந்த மண்ணு, சிமெண்டு எல்லாம் எதுக்கு? வெயில்லயும் மழையிலயும் ஆம்பளைகளோட நின்னுக்கிட்டு... விட்டுருவல்ல? இவன் சம்பளம் போதும்."

சிறகடிப்பு நின்றது.

அவள் நிமிர்ந்து ஜெகதீஷைப் பார்த்தாள். இப்போது தயக்கமில்லாமல், நேராக. சொல்லு. ஒரு வார்த்தை. 'அவங்க விட மாட்டாங்கம்மா' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லு...

ஜெகதீஷ் அம்மாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வாய் திறந்தது... பிறகு தரையைப் பார்த்தான்.

மாதேஸ்வரி சேலையை எடுத்தாள். மடிப்புக் கலையாமல் சரஸ்வதியம்மாளின் கைகளிலேயே வைத்தாள். பிறகு தட்டிலிருந்த வேட்டியையும் துண்டையும் எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"மேஸ்திரிக்கு வச்ச மரியாதை இதுதானேம்மா? இத நான் சந்தோசமா வாங்கிக்கறேன். சேலைய... உங்க மருமக வந்தா அவளுக்குக் குடுங்க."

குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஸ்கூட்டரை எடுத்து, மத்திகிரி ரோட்டின் முதல் வளைவு தாண்டிய பிறகுதான் கண் கலங்கியது. அதையும் காற்றில் காய விட்டுவிட்டாள்.

அவன் போன் செய்தான். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தான். 'வேலை முடிந்தது. சுவரில் குறை இருந்தால் ராமப்பன் வருவார்' என்று ஒரு செய்தி அனுப்பினாள். 'சுவரில் குறை இல்லை. குறை என்னிடம்' என்று பதில் வந்தது. அதைப் பலமுறை படித்தாள். பதில் போடவில்லை. எழுதுவது சுலபம்... எதிரே நின்று பேச வேண்டிய நேரத்தில் பேசாதவன் எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன?

ராயக்கோட்டையில் அடுத்த வேலை. தக்காளி மண்டி முனிவேலின் வீட்டு மேல் புதிதாக ஒரு மாடி அறை. அன்று தளம் போடும் நாள். காலையிலிருந்தே கலவை மிஷின் கடகடவென்று சுற்ற, சட்டிகள் கை மாறிக் கை மாறி மேலே ஏறிக்கொண்டிருந்தன. மாதேஸ்வரி கம்பிகளின் மேல் கால் வைத்து, இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தபடி குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அங்க இன்னும் ரெண்டு சட்டி கொட்டுண்ணா! வைப்ரேட்டர் இந்தப் பக்கம் வரட்டும்!"

சாரத்து ஏணியில் ஒரு தலை முளைத்தது. பிறகு அந்தக் கண்கள்.

அவள் இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டது. முகம் தவறவிடவில்லை.

"பேசணும்" என்றான் ஜெகதீஷ்.

"இப்ப முடியாது. கான்கிரீட் போயிகினு இருக்குது. நடுவுல நிறுத்தினா அந்த எடத்துல ஒட்டு விழும். ஒட்டு விழுந்தா நாளைக்கு அங்கதான் ஒழுகும்."

"நிறுத்த வேணாம். முடியட்டும். அதுவரைக்கும் நான் எங்கிட்டு நிக்க?"

போகச் சொல்லத்தான் வாயெடுத்தாள். ராமப்பன் கன்னடம் கலந்து முந்திக்கொண்டார். "லைன்ல ஒரு ஆளு கொறையுதுப்பா, பா பா, இங்க வா!"

குவாலிட்டி இன்ஜினியர் செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையில் நின்று சட்டி வாங்கினான். முதல் சட்டியிலேயே பாதி சட்டையில் கொட்டியது. பக்கத்திலிருந்த அக்கா, "ஏன்ப்பா, கொழந்தய வாங்குற மாதிரி வாங்குறியே, சட்டுனு வாங்கி சட்டுனு குடு!" என்று அதட்டினாள். வெயில் ஏறியது. அவன் வரிசையை விட்டுப் போகவில்லை. மாதேஸ்வரி அவன் பக்கமே திரும்பவில்லை. திரும்பாமலே, அவன் எத்தனை தடவை நெற்றியைத் தோளில் துடைத்துக்கொண்டான் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது... அதுதான் எப்படி என்று தெரியவில்லை.

தளம் முடிகிற நேரத்தில், கோட்டை மலைக்கு மேல் மேகம் திரண்டது. கருகருவென்று, ஒரு நொடியில்.

"பாப்பா, மழ!" ராமப்பன் அலறினார்.

"தார்ப்பாய விரிங்க! சீக்கிரம்!"

விரித்தார்கள். முக்கால் தளம்தான் மூடியது. கடைசியாகப் போட்ட பகுதி, இன்னும் கூழாக, வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. மழை நேராக விழுந்தால் சிமெண்டுப் பால் முழுக்கக் கரைந்து ஓடிவிடும். மேல்பூச்சு பல் இளித்துவிடும். காலையிலிருந்து இருபது பேர் பட்ட பாடு... அவள் பெயர்...

ஜெகதீஷ் மாடியின் ஓரத்தில் நின்று எதிரே இருந்த மண்டியைப் பார்த்தான். தக்காளி ஏற்ற லாரிகள் வரிசையாக நின்றன. கண்கள் தன் ஊர்ப்பக்கத்து நம்பர் பலகை ஒன்றில் நிலைத்தன. சாரத்திலிருந்து பாதி இறங்கி, பாதி குதித்து, ஓடினான்.

"அண்ணே! சாத்தூர் வண்டியா? எனக்கும் சாத்தூருதான்ணே! தார்ப்பாய் ஒண்ணு அவசரமா வேணும்ணே, மழ விட்டதும் குடுத்திருவேன்!"

"அட, நம்ம ஊருப் பயலா! எடு எடு, ஒரு கை பிடி!" என்று ஒரு குரல் கேட்டது.

முதல் பெருந்துளிகள் சடசடவென்று இறங்கியபோது, லாரி தார்ப்பாய் தளத்தின் மேல் ஏறிவிட்டது. கூழான இடத்தில் படாமல், நான்கு பக்கமும் ஆட்கள் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஓரத்து மூலையில் மாதேஸ்வரியும் ஜெகதீஷும். தார்ப்பாயின் மேல் மழை பறை கொட்டியது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது மட்டும்தான் கேட்கும்.

"தேங்க்ஸ்" என்றாள் அவள், எதிரே பார்த்தபடி.

"கான்கிரீட் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அப்ப பேசலாமா?"

அவள் தார்ப்பாய் மூலையை இறுக்கிப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

"அப்பா போனப்ப எனக்கு ஏழு வயசு" என்றான். "அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போயித்தான் என்னப் படிக்க வச்சாங்க. அவங்க கைய நீங்க பாத்தீங்கல்ல? அவங்களுக்கு வேலைன்னா பட்ட பாடு. மருமக அந்தப் பாடு படக் கூடாதுன்னுதான் அப்படிக் கேட்டாங்க. உங்களுக்கு வேலைன்னா... அது நீங்கதான். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். செவரு கட்டும்போது தினம் வந்து பாத்தேனே... தெரிஞ்சிருந்தும் அன்னைக்கு அம்மாகிட்ட சொல்லாம நின்னேன். அம்மா முன்னாடி எதிர்த்துப் பேசிப் பழக்கமில்ல. அது காரணம்தான்... நியாயம் இல்ல."

மழை கொஞ்சம் சாய்ந்து அடித்தது. அவன் நகர்ந்து, சாரல் அவள் மேல் படாத பக்கமாக நின்றுகொண்டான்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன். நீங்க வேலைய விட மாட்டீங்க, விடச் சொல்லி யாரும் கேக்கக் கூடாது, நானும் கேக்க மாட்டேன்னு. அம்மா கொஞ்ச நாள் எங்கிட்ட பேசல. நேத்துதான் கேட்டாங்க, 'அப்ப சோறு ஆக்குறது யாருடா?' நாந்தான்னேன். 'நீ ஆக்குறதத் தின்னுட்டு ஒருத்தி உங்கூட இருந்தா, அவ காலுல நானே விழுவேன்'னாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த முறை அடக்கவில்லை. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது.

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு மாதேஸ்வரி" என்றான். "சிமெண்டு ஒட்டின இந்தக் கையோட... ஆள அதட்டுற இந்தக் குரலோட. வேற மாதிரி நீங்க இருந்தா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன்."

தார்ப்பாயின் நடுவே தண்ணீர் குளமாகத் தொங்கியது.

"மூலைய ஒசத்துங்க" என்றாள் அவள். "தண்ணி தேங்குது."

உயர்த்தினான். அவன் முகத்தில் ஏமாற்றம் எட்டிப் பார்த்தது. அவள் ஓரக்கண்ணால் அதைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தவிக்கட்டுமே... ஆனால் மனசு கேட்கவில்லை.

"பிடிக்காத ஆளு பேசாம நின்னா யாருக்கும் வலிக்காது ஜெகதீஷ்."

முதல் தடவையாகப் பெயர் சொல்லி அழைத்திருந்தாள்.

"எனக்கு வலிச்சுது. மத்திகிரி ரோடு பூரா வலிச்சுது. அன்னிக்குத்தான் தெரிஞ்சுது... எனக்கு உங்கள எவ்ளோ பிடிச்சிருக்குதுன்னு." அவள் திரும்பி அவன் கண்களை நேராகப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை அம்மாவக் கூட்டிகினு எங்க அப்பாவப் பாக்க வாங்க. அப்பா எதுவும் கேக்க மாட்டாரு. நான்தான் ஒண்ணு கேப்பேன்."

"என்ன?"

"என்னா சமைக்கத் தெரியும்னு."

"ரசம் வைப்பேன். முட்டை வேக வைப்பேன்."

"அவ்ளோதானா?"

"கத்துக்கிறேன்... வாழ்நாள் பூரா இருக்குல்ல?"

அவள் முகம் சிவந்தது. கழுத்து சிவந்தது. தார்ப்பாயைப் பிடித்திருந்த அவன் விரல்கள், மெல்ல நகர்ந்து அவள் விரல்களின் மேல் அமர்ந்தன. அவள் எடுக்கவில்லை. அவனும் நகர்த்தவில்லை.

"ஏன் பாப்பா!" தளத்தின் மறுமுனையிலிருந்து ராமப்பனின் குரல் வந்தது. மற்ற மூலைகளில் எல்லோரும் தார்ப்பாயைச் சாரக் கம்புகளில் கட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மழ நின்னு எவ்ளோ நேரமாச்சு! இன்னும் எதுக்கு அதப் புடிச்சிகினு நிக்கிறீங்க?"

மாதேஸ்வரி வானத்தைப் பார்த்தாள். வெளுத்திருந்தது. அவனைப் பார்த்தாள். பிறகு, ஆளை அதட்டுகிற அதே குரலில் சொன்னாள்:

"நீங்க போயி டீ சாப்டுங்கண்ணா... நாங்க இன்னும் கொஞ்ச நேரம் புடிக்கிறோம்!"